கல்லறைக்கு ஏழு சீர்

"பிழை இருந்தா இப்பமே சொல்லிருங்க டீச்சர். கல்லுல வெட்டுன பெறவு அழிக்க முடியாது."

பிலோமினா இப்படிச் சொல்லிவிட்டு ஒரு தாளை என் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். ஐப்பசிப் புழுக்கம். மழை வரப்போகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்து, ஒரு சொட்டுகூட விழாமல் கலைந்துபோகிற தூத்துக்குடி மத்தியானம். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்கப் பார்த்தது. ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்து அதன் தலையில் வைத்தேன்.

தாளில் இரண்டே வரி. மேலே ஒரு குருசு. அதன்கீழ் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது:

நீரோட்டம் மாறினால் நேரே திரும்பிநான்
வருகிறேன் அழாதே இரு

பிலோமினாவின் கணவர் சூசை, தண்டல். தோணிக்குத் தலைவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற தோணிகளில் பாதி ஆயுளைக் கழித்தவர். கோடையில் மதுரைக்கு இதய ஆபரேஷனுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. கல்லறைத் திருநாளுக்குள் கல் பதிக்க வேண்டும், அதில் அவர் கடைசியாகச் சொன்ன குறள் வெண்பாவை வெட்ட வேண்டும். பிலோமினாவுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

கூட வந்தவன் ஜெரால்டு, சூசையின் தம்பி. கப்பல் ஏஜென்ட் ஒருவரின் அலுவலகத்தில் வேலை. ஒரு காலத்தில் என் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

"ஒங்க வெண்பாக் குழுவுல ஒருத்தருட்ட காட்டுனேன் டீச்சர். தளை தட்டுதுன்னு சொல்லுதாரு" என்றான்.

நான் தாளைப் பார்த்தேன். தட்டுகிறதாவது! முன்னாலும் இடிக்கிறது, பின்னாலும் இடிக்கிறது.

இடிப்பது எது?

இந்தத் தொடரில் நான் திட்டாத ஆளே பாக்கியில்லை என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். அம்மா, இந்த வாரம் என்னையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

யாப்பு என்றதும் பக்கத்தைப் புரட்டப் போகிறவர்களும் பொறுக்க வேண்டும். நாலு வரியில் முடித்துவிடுகிறேன். 'வா' என்பது ஒற்றையாய் நிற்கிறது, அது நேரசை. 'வரு' என்பதில் குறில் அடுத்த எழுத்தையும் இழுத்துக்கொண்டு இரண்டாக நிற்கிறது, அது நிரையசை. அசைகள் சேர்ந்தால் சீர். இரண்டு அசையில், கடைசி நேரானால் மா, நிரையானால் விளம். மூன்று அசையாகி நேரில் முடிந்தால் காய். வெண்பாவில் எந்தச் சீருக்குப் பின்னால் எது வரலாம் என்பதற்கு மூன்றே விதி: மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். இங்கே முன் என்றால் அடுத்து. இந்த இணைப்பு தவறினால் தளை தட்டும். இவ்வளவுதான் சங்கதி. இதைச் சொல்லித்தான் முப்பது வருஷம் சம்பளம் வாங்கினேன்.

இப்போது சூசையின் முதல் வரி. நீரோட்டம் என்பது காய், அடுத்து 'மா' என்று நேர். மாறினால் என்பது விளம், அடுத்து 'நே' என்று நேர். நேரே என்பது மா, அடுத்து 'திரும்' என்று நிரை. மூட்டு மூட்டாகப் பொருந்துகிறது. 'நீ'க்கு 'நே' மோனை. கடைசியில் அந்த 'நான்' மட்டும் இடத்தை நிரப்ப வந்தது. போகட்டும், பெரிய பெரிய ஆட்களே செய்கிற காரியம்தான்.

இரண்டாம் வரிக்கு வந்தால் எல்லாம் குட்டிச்சுவர். திரும்பிநான் என்பது விளம். அடுத்து நேர் வேண்டும், 'வரு' என்று நிரை வந்து நிற்கிறது. வருகிறேன் என்பதும் விளம். அதற்கடுத்தும் நேர் வேண்டும், 'அழா' என்று மறுபடி நிரை. எதுகையும் பார்வைக்குத்தான் எதுகை. மேலே 'நீ' நெடில், கீழே 'வ' குறில். ஒரே ஒரு சொல் மொத்தப் பாட்டையும் கெடுத்து வைத்திருக்கிறது.

"சூசை இப்பிடிச் சொல்லியிருக்க மாட்டாரே. ஆறு சீரை ஒழுங்காக் கட்டுன மனுஷன் ஒண்ணுல மட்டும் எப்பிடிக் கோட்டை விட்டாரு?" என்றேன்.

ஜெரால்டு மின்விசிறியைப் பார்த்தான். பிலோமினா ஊறுகாய்ப் பாட்டிலைப் பார்த்தாள்.

"அதத்தான் திருத்திக் குடுங்கன்னு வந்தோம் டீச்சர்" என்றாள். "வருகிறேன்ங்கிறத மட்டும் மாத்திராதீங்க."

மாற்ற வேண்டியதே அதுதான் என்று சொன்னால் கேட்கிற முகமாக இல்லை. ரெண்டு நாள் பொறு என்று அனுப்பிவைத்தேன்.

விரல் தடித்த வெண்பாக்காரர்

சூசையை எனக்கு முகம் பார்த்துப் பழக்கம் குறைவு. குரல்தான் பழக்கம். வாட்ஸ்அப்பில் எங்களுக்கு ஒரு வெண்பாக் குழு உண்டு. நான் ஈற்றடி கொடுப்பேன், மற்றவர்கள் எழுதி அனுப்புவார்கள், ஞாயிற்றுக்கிழமை நான் உட்கார்ந்து எல்லோரையும் திட்டுவேன். பொழுது நன்றாகப் போகும்.

சூசை மட்டும் எழுத மாட்டார். குரலில் பதிவு செய்து அனுப்புவார். பின்னால் அலைச் சத்தம், கயிறு இழுக்கிறவர்களின் சத்தம், ஒருமுறை ஆட்டுக்குட்டிச் சத்தம்கூட. எழுதி அனுப்புங்கள் என்று நான் பலதடவை கண்டித்தேன். "வெரலு தடிச்சுப் போச்சு டீச்சர். ஒண்ணத் தொட்டா மூணு விழுது" என்று அதற்கும் குரலிலேயே பதில் வந்தது.

பள்ளிக்கூடத்தில் அவர் அதிகம் படித்ததில்லை. தம்பியின் பழைய பாடப்புத்தகத்தைத் தோணிக்குக் கொண்டுபோய், சரக்கு ஏறக் காத்துக் கிடந்த நாட்களில் வாசித்துக் கற்றுக்கொண்டாராம். நேர், நிரை என்று பெயர் சொல்லத் தெரியாது. காதில் இடித்தால் மாற்றிவிடுவார், அவ்வளவுதான். ஆனால் அவர் அனுப்பியதில் ஒருநாளும் தளை தட்டி நான் பார்த்ததில்லை. இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் வாரம் தவறாமல் தட்டுவார்கள்.

இப்போது அவர்களுக்குக் காதும் தேவையில்லை. கைப்பேசியில் ஒரு செயலி வைத்திருக்கிறார்கள். பாட்டை உள்ளே போட்டால் தளை தட்டுகிற இடத்தில் சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டுமாம். சூசையின் பாட்டை நானும் போட்டுப் பார்த்தேன். இரண்டு சிவப்புக் கட்டம். அது எனக்கே தெரியுமே! என்ன செய்வது என்று கேட்டால் அது சொல்லாது. குற்றம் சொல்ல மட்டும் தெரிந்த ஆள் வீட்டுக்கு வீடு இருக்கும்போது அதற்கொரு இயந்திரம் எதற்கு?

இதைச் சொல்லும்போது நம் ஊர் நினைவஞ்சலிச் சுவரொட்டிகளும் ஞாபகம் வந்து வயிற்றெரிச்சலாகிறது. யார் செத்தாலும் அதே நாலு வரி. படம் மட்டும் மாறும். தொண்ணூறு வயதில் போனவருக்கும் 'இளமலரே' என்றுதான் தொடங்கும். அச்சகத்தில் கேட்டால், அந்த நாலு வரி கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது, வேறு போட்டால் நேரமாகும் என்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் ஒரு மனுஷன் தன் கல்லறைக்குத் தானே ஏழு சீர் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் பிழை இருக்கலாமா? இருந்தால் எங்கள் குழுக்காரர்கள் மெழுகுதிரியைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிடுவார்கள். பிலோமினா பயந்தது அதற்குத்தான்.

என் கைவரிசை

இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். வருகிறேனை வைத்துக்கொண்டு முன்னால் மாற்றினால் பின்னால் இடித்தது. பின்னால் மாற்றினால் முன்னால் இடித்தது. இரண்டையும் மாற்றினால் அது சூசையின் பாட்டே இல்லை. சோறு அடிப்பிடித்ததுகூடத் தெரியாமல் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பல் விளக்கும்போது வந்து விழுந்தது:

நீரோட்டம் மாறினால் நேரே திரும்பிநான்
வாரா திருப்பேனோ சொல்

வராமல் இருப்பேனா, நீயே சொல் என்று பொருள். நெடிலுக்கு நெடில் எதுகை. 'சொல்' என்று ஓரசையில் நறுக்கென்று முடிவு. வருகிறேன் போனாலும் வருவது போகவில்லை. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். இந்த வயதிலும் மூளை மழுங்கவில்லை என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

"எதத் திருப்பப் போறாரு?"

கல் பட்டறைக்கே வரச் சொன்னாள் பிலோமினா. அன்றைக்கு எழுத்துக் குறித்தால்தான் திருநாளுக்குள் முடியுமாம். துறைமுகத்துக்கு லாரிகள் போகிற சாலையோரத் தகரக் கொட்டகை அது. உள்ளே கல்லறுக்கும் மெஷின் காதைக் கிழித்தது. கல் வெட்டுகிற சுடலைமுத்து அண்ணாச்சிக்குப் புருவம் வரை வெள்ளைத் தூசி.

என் தாளை வாங்கி அவர் உரக்க வாசித்தார். "வாரா... திருப்பேனோ... சொல். எதத் திருப்பப் போறாரு டீச்சர்? தோணியையா?"

"திருப்பறது இல்ல அண்ணாச்சி. வாராதிருப்பேனோன்னு ஒரே சொல். சீருக்காகப் பிரிச்சு எழுதியிருக்கு."

"அப்பம் சேத்தே வெட்டிருவோமே."

"சேத்தா ஆறு சீர்தான வரும்!"

"கல்லறைக்கு வாரவுக சீரா எண்ணப் போறாக?"

எண்ணுவார்கள் என்று இவருக்கு எப்படிப் புரியவைப்பது? பதில் தேடிக்கொண்டிருந்தபோது பிலோமினா தாளை அவர் கையிலிருந்து வாங்கினாள். வாசித்தாள். மறுபடி வாசித்தாள். தாளின் பின்பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்த்தாள்.

"அழாதே எங்க டீச்சர்?"

"அது தளையில நிக்கல பிலோமி. எடுக்க வேண்டியதாப் போச்சு."

"அவுக என்னய அழாதன்னுல்லா சொன்னாக?" அவள் குரல் உயரவில்லை. "அதப் போயி எடுத்துட்டீங்களே."

எனக்குக் கோபம் வந்தது. பிழை என்னுடையது என்று தெரிகிறபோது எனக்குக் கோபம் கூடுதலாகவே வரும். "வருகிறேன மாத்தாதன்னு சொல்லுதே. அழாதேய எடுக்காதன்னு சொல்லுதே. வெண்பாவும் வேணும்னு சொல்லுதே. நான் என்ன மந்திரவாதியா? ஒங்க வீட்டுக்காரர் நெசமாவே வருகிறேன்னுதான் சொன்னாரா?"

மெஷின் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

ஜெரால்டு தொண்டையைச் செருமினான். "அண்ணன் வருகிறேன்னு சொல்லல டீச்சர். வாரேன்னுதான் சொன்னாக. எழுதயில நான்தான் மாத்துனேன்."

நீரோட்டம் மாறினால் நேரே திரும்பிநான் வாரேன் அழாதே இரு.

வா, ரேன். நேர், நேர், மா. முன்னால் விளம், அதற்கு நேர் சரி. பின்னால் 'அழா', மாவுக்கு நிரை சரி. நீரோட்டத்துக்கு வாரேன், நெடிலுக்கு நெடில். ஏழு சீரும் இடித்துக்கொள்ளாமல் வரிசையில் நின்றன. இரண்டு நாள் என் உயிரை வாங்கிய பாட்டில் முதலிலிருந்தே ஒரு பிழையும் இல்லை.

"ஏலே, பொன்னு மாதிரி இருந்த சீரத் தூக்கிட்டுப் பித்தளைய வச்சுருக்க! எவம்ல ஒன்னய மாத்தச் சொன்னது?"

"நீங்கதான் டீச்சர்."

வருவானா, வரமாட்டானா?

என் வகுப்பில் படித்தவர்களுக்கு இது தெரியும். வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்பில் நான் நடத்துகிற ஒரு நாடகம் உண்டு. கரும்பலகையில் 'அவன் வாரான்' என்று எழுதுவேன். வருவானா, மாட்டானா என்று கேட்பேன். மொத்த வகுப்பும் வருவான் என்று கத்தும். கடற்கரைப் பிள்ளைகள், சாத்தான்குளத்துப் பிள்ளைகள், எல்லாப் பிள்ளைகளும் கத்தும். "மாட்டான்!" என்று மேசையில் அடிப்பேன்.

பேச்சில் வாரான் என்றால் வருகிறான். பழைய எழுத்துத் தமிழில் வாரான் என்றால் வரமாட்டான். வாராது என்றால் வராது என்றுதானே பொருள்? அதேபோல் வாரேன் என்றால் வரமாட்டேன். ஒரே சொல், வாயில் ஒன்று, ஏட்டில் அதற்கு நேர் எதிர். "இனிமேல் எவனாவது வாரேன் என்று எழுதினால், வரமாட்டேன் என்றே எடுத்துக்கொண்டு வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் போட்டுவிடுவேன்" என்பேன். வகுப்பு சிரிக்கும். எத்தனை நோட்டுகளில் எத்தனை வாரேன்களைச் சிவப்பு மையில் சுழித்திருப்பேனோ கணக்கில்லை. நானும் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'வருகிறேன்' என்றுதான் சொல்வேன். காய்கறிக்காரி உட்படச் சிரிப்பார்கள். எங்கள் நாசரேத் ஊர் வளர்ப்பு அப்படி.

"வெண்பால்லா டீச்சர்" என்றான் ஜெரால்டு. கிட்டத்தட்ட அழுதான். "இலக்கணத் தமிழ். படிச்ச ஆளு வந்து வாசிச்சா, வரமாட்டேன், அழாதே, இருன்னுல்லா அர்த்தம் வரும்? எங்க அண்ணன் கல்லறையில அப்பிடி வெட்டலாமா?"

நான் நடத்திய ஒரு பாடத்தை ஒரு மாணவன் இருபது வருஷம் கழித்துச் சரியாக ஞாபகம் வைத்திருந்து சரியாகப் பயன்படுத்தியிருக்கிறான். அவனை எனக்கு அடிக்க வேண்டும்போல் இருந்தது.

மெஷினை நிறுத்திய பிறகு

"அண்ணாச்சி, அத கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் பிலோமினா.

மெஷின் நின்றதும் சாலையில் போகிற லாரிச் சத்தம் கேட்டது. அவள் கைப்பேசியை எடுத்து எங்கள் நடுவில் கல்லின்மேல் வைத்து அழுத்தினாள்.

முதலில் தள்ளுவண்டிச் சக்கரம் உருளுகிற சத்தம். யாரோ ஒரு நர்ஸ் யார் பெயரையோ கூப்பிட்டார். பிறகு சூசை. எனக்குப் பழக்கமான அதே குரல், மூச்சுமட்டும் குறைவு.

"ஏளா பிலோமி, மருந்து வாங்கப் போனவ அங்கனயே நின்னுட்டியா? என்னய உள்ள கூட்டிட்டுப் போறாங்க. இதக் கேட்டுக்கோ." பிறகு குறள். எங்கேயும் தடுக்காமல், ஏழு சீரும். பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. "ஜெரால்டுட்ட காட்டிராத. திருத்திப்புடுவான்."

அவ்வளவுதான் பதிவு.

அந்தச் சிரிப்பு எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லுக்கு இரண்டு பொருள் என்று தெரிந்தேதான் மனுஷன் வைத்திருக்கிறார். பிலோமினாவிடம் இதைச் சொல்லவா, விடவா? சொல்லாமல் வெட்டவிட்டால் நாளைக்கு எவனாவது கல்லறையில் வைத்துச் சொல்லுவான். நானே சொல்வது மேல் என்று தொடங்கினேன்.

"பிலோமி, அந்த வாரேன் இருக்குல்லா. அதுக்கு ரெண்டு..."

"தெரியும் டீச்சர்."

அவள் ஜெரால்டைக் கைகாட்டினாள்.

"இவன் ஒம்பதாங் கிளாஸ் படிக்கயில வீட்ல வந்து சொன்னான். எங்க டீச்சர் வாரேன்னா வரமாட்டேன்னு சொல்லுதாங்கன்னு. எனக்கு அப்பம் கல்யாணமான புதுசு. அன்னைல இருந்து எங்களுக்கு அது ஒரு வெளாட்டு. தோணிக்குக் கெளம்பயில வாசல்ல நின்னு வாரேன்னு சொல்லுவாக. ஊரு வாரேனா, டீச்சர் வாரேனான்னு நான் கேப்பேன். ஊரு வாரேன்னு சொல்லிட்டுத்தான் படிய எறங்குவாக. நான் கேக்க மறந்துட்டா எறங்க மாட்டாக, அங்கனயே நிப்பாக."

கைப்பேசியை என் பக்கம் திருப்பினாள். சூசையின் பதிவுக்குக் கீழே அவள் எழுதியனுப்பிய ஒரு வரி இருந்தது. ஊரு வாரேனா டீச்சர் வாரேனா. பக்கத்தில் இரண்டு சாம்பல் நிறக் கோடு. போய்ச் சேர்ந்திருக்கிறது, பார்க்கப்படவில்லை.

"அதுக்குள்ள உள்ள கொண்டு போயிட்டாங்க" என்றாள். "பதில் இல்ல. அதான், இவன் வருகிறேன்னு மாத்திக் கொண்டாந்தப்ப நானும் சரின்னுட்டேன் டீச்சர். அதுக்கு ஒரு அர்த்தந்தான?"

அறுக்காத கல் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. தூசி என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம், இடமும் அதற்கு வாகான இடம்தான். ஆனால் ஜெரால்டு எனக்கு முன்பே அழத் தொடங்கிவிட்டான். ஒரு வகுப்பறை வேடிக்கை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, எனக்குத் தெரியாத ஒரு வீட்டு வாசலில் இத்தனை வருஷம் வழியனுப்புப் பேச்சாக இருந்திருக்கிறது. அந்தப் பேச்சின் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. இரண்டு நாளாய் அவள் என்னிடம் கேட்டது அந்தப் பதிலைத்தான். நானோ தளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிலோமினா அழவில்லை. என் தாளை மடித்துக் கொடுத்தாள்.

"வாரேன்னு வெட்டுனா தட்டாதுல்லா டீச்சர்?"

"தட்டாது."

"நீங்க தப்புன்னு சொல்ல மாட்டீங்கல்லா?"

"மாட்டேன்."

"அப்பம் வாரேன்னே வெட்டுங்க அண்ணாச்சி. அழாதேயும் இருக்கட்டும். எந்த வாரேன்னு அவுககிட்ட நானே நேர்ல கேட்டுக்கிடுதேன்."

சுடலைமுத்து அண்ணாச்சி பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "இத நாளைக்கு மாத்த மாட்டீங்களே?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

திருநாளில்

கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் போனேன். செவ்வந்தியும் மெழுகுப் புகையும் சேர்ந்த வாசனை. கடல்காற்றில் திரி நிற்கவில்லை. எங்கள் புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுகிற வழக்கமில்லை. எனக்குச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் கையெல்லாம் மெழுகு.

சூசையின் கல்லைச் சுற்றி எங்கள் குழுக்காரர்கள் நாலு பேர். நான் சொன்னேனா இல்லையா, ஒருவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். இன்னொருவன் கைப்பேசியில் போட்டுப் பார்த்துவிட்டு, சிவப்பே இல்லை என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். அவனும் என் பழைய மாணவன் ஆயிற்றே, எப்படி விடுவான்?

"டீச்சர், வாரேன்னா வரமாட்டேன்னுல்லா அர்த்தம்? நீங்க இருந்துமா விட்டீங்க?"

"ஏலே, சீரு ஏழு இருக்கா?"

"இருக்கு டீச்சர்."

"தளை சரியா?"

"சரிதான் டீச்சர்."

"அப்பம் வாய மூடிக்கிட்டு மெழுகுதிரியப் பொருத்து."

பிலோமினா கல்லின் ஓரத்தில் குந்தி, காற்றுக்குக் கையை வளைத்து ஒரு திரியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். கிளம்ப வேண்டும் என்று அவள் தோளைத் தொட்டேன். வாயில் வழக்கம்போல் 'வருகிறேன்' வந்தது. அதை விழுங்கிவிட்டேன்.

"வாரேன் பிலோமி."

அவள் திரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்த வாரேன் டீச்சர்?"

"ஊரு வாரேன்தாம்ளா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.